பெரியம்மையை வென்ற எட்வர்ட் ஜென்னர்

மனித இனத்தை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் வாட்டி வதைத்த கொடிய நோய் பெரியம்மை. இதனை வைசூரி என்றும் அழைப்பர். கடுங்காய்ச்சலுடன் தொடங்கும் இந்நோய், சில நாள்களில் உடல் முழுவதும் சீழ்க் கொப்புளங்களை உண்டாக்கும். நோய் கண்ட பத்துப் பேரில் மூவர் வரை மாண்டனர். பிழைத்தவர்களின் முகம் தழும்பேறிப் போனது. பலர் கண்பார்வையை இழந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் இந்நோய்க்குப் பலியானதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அரசர் வீட்டுப் பிள்ளை, ஆண்டி வீட்டுப் பிள்ளை என்ற வேறுபாடு அந்நோய்க்குத் தெரியவில்லை.

தமிழர்களும் இந்நோயின் கொடுமையை நன்கு அறிந்திருந்தனர். ஒரு வீட்டில் அம்மை கண்டுவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவர். நோயாளியைத் தனியே வேப்பிலைப் படுக்கையில் கிடத்துவர். வெளியார் அவ்வீட்டிற்குள் நுழைய மாட்டார்கள். அம்மன் இறங்கியிருப்பதாகக் கருதி, நோயின் பெயரைச் சொல்லவும் அஞ்சி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வேண்டிக்கொள்வர். கடல் கடந்து மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் தங்களோடு மாரியம்மன் வழிபாட்டையும் கொண்டு வந்தனர்.

அத்தகைய கொடிய நோய் இன்று உலகில் எங்குமே இல்லை. மனித முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்ட முதல் மனித நோய் பெரியம்மையே ஆகும். இந்த வெற்றிக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்து நாட்டின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த எட்வர்ட் ஜென்னர் என்னும் மருத்துவர் ஆவார்.

இளமைப் பருவம்

எட்வர்ட் ஜென்னர் 1749ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்திலுள்ள பெர்க்லி என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை ஸ்டீபன் ஜென்னர் அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். ஒன்பது பிள்ளைகளுள் எட்டாமவராகப் பிறந்த எட்வர்ட், ஐந்து வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். அதன் பிறகு அவருடைய தமையனார் அவரைப் பொறுப்பேற்று வளர்த்தார்.

பெர்க்லி பால்பண்ணைகள் நிறைந்த ஊர். பச்சைப் புல்வெளிகளும் வேலியோரப் பறவைக் கூடுகளும் மாட்டுத் தொழுவங்களுமே சிறுவன் எட்வர்டின் உலகமாக இருந்தன. பறவைகளைக் கவனிப்பதிலும் பாறைகளில் பதிந்த பழைய உயிரினங்களின் எச்சங்களைத் திரட்டுவதிலும் அவர் மிகுந்த ஆர்வம் காட்டினார்.

எட்டு வயதில் அவருக்கு மறக்க முடியாத ஓர் அனுபவம் ஏற்பட்டது. அக்காலத்தில் பெரியம்மையைத் தடுக்க ஒரு முறை வழக்கில் இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த சிறிதளவு சீழை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி உள்ளே செலுத்துவார்கள். இதனை அம்மை குத்துதல் என்பர். இந்தியா, சீனா, துருக்கி ஆகிய நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த இம்முறை, 1721ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தை எட்டியது. துருக்கியில் இதனைக் கண்ட மேரி மாண்டேகு என்னும் பெருமாட்டி, தம் பிள்ளைகளுக்கே அம்மை குத்தச் செய்து இதனைத் தம் நாட்டில் பரப்பினார்.

அம்மை குத்திக்கொண்டவருக்குப் பெரும்பாலும் நோய் இலேசாக வந்து போகும். ஆயினும், நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அதனாலேயே இறந்தனர். மேலும், அம்மை குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவர்களுக்கு உண்மையான பெரியம்மை பரவும் ஆபத்தும் இருந்தது. சிறுவன் எட்வர்டுக்கும் இவ்வாறே அம்மை குத்தப்பட்டது. அதற்கு முன்னர் அவரைப் பல வாரங்கள் அரைப்பட்டினி போட்டார்கள். உடலிலிருந்து இரத்தம் வடித்தார்கள். பின்னர், அம்மை குத்தப்பட்ட மற்றச் சிறுவர்களுடன் ஒரு தொழுவத்தில் அடைத்து வைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், அதன் பிறகு நெடுங்காலம் உறக்கமின்றித் தவித்தார். சிறு ஓசைக்கும் திடுக்கிட்டார்.

கல்வியும் ஆசானும்

பதினான்கு வயதில் ஜென்னர் சிப்பிங் சாட்பரி என்னும் ஊரில் டேனியல் லட்லோ என்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்குப் பால் கறக்கும் பெண் ஒருத்தி, தனக்கு மாட்டம்மை வந்து போனதால் பெரியம்மை வராது என்று உறுதியாகக் கூறியதைக் கேட்டார் என்று சொல்லப்படுகிறது. மாட்டம்மை என்பது பசுவின் மடிக்காம்பில் கொப்புளங்களை உண்டாக்கும் ஓர் இலேசான நோய். பால் கறப்பவர்களின் கைகளிலும் அது தொற்றும். சில நாள் கையில் புண்ணும் சிறிது காய்ச்சலும் வரும், பிறகு ஆறிவிடும். மாட்டம்மை கண்டவரைப் பெரியம்மை தீண்டாது என்னும் நம்பிக்கை அவ்வட்டாரத்து மக்களிடையே பரவலாக இருந்தது.

1770ஆம் ஆண்டு, ஜென்னர் தமது இருபத்தோராம் வயதில் இலண்டன் சென்று ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் மாணவரானார். ஹண்டர், நூல்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதவர். எந்தக் கருத்தையும் வெறுமனே எண்ணிக்கொண்டிராமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்த பாடம். ஜென்னரின் மனத்தில் அப்பாடம் ஆழப் பதிந்தது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஏற்பட்ட நட்பு ஹண்டர் இறக்கும்வரை கடிதங்கள் வழியே தொடர்ந்தது.

கேப்டன் குக் தமது முதல் பெருங்கடல் பயணத்திலிருந்து கொண்டுவந்த தாவரங்களையும் உயிரினங்களையும் வகைப்படுத்தும் பணியில் ஜென்னர் உதவினார். அவருடைய திறமையைக் கண்டு, குக்கின் அடுத்த பயணத்தில் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும், அவர் அதனை ஏற்கவில்லை. பிறந்த ஊருக்கே திரும்பி, கிராம மக்களுக்கு மருத்துவம் பார்ப்பதையே தேர்ந்தெடுத்தார்.

ஊர் மருத்துவரான பிறகும் அவருடைய ஆராய்ச்சி ஆர்வம் குன்றவில்லை. மற்றப் பறவையின் கூட்டில் பொரிக்கும் குயிற்குஞ்சு, பிறந்த சில நாள்களுக்குள்ளேயே அந்தப் பறவையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் உந்தி வெளியே தள்ளிவிடுவதை அவர் கண்டறிந்து எழுதினார். அந்த ஆய்வுக்காக அரச அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பொறுமையாகக் காத்திருந்து உற்றுநோக்கும் இப்பழக்கமே பின்னாளில் அவருடைய பெரும்பணிக்குத் துணைநின்றது.

எட்டு வயதுச் சிறுவன்

ஜென்னர் அம்மை குத்தச் செல்லும் இடங்களில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்தார். முன்பு மாட்டம்மை கண்டவர்களுக்கு எத்தனை முறை அம்மை குத்தினாலும் அது பற்றவில்லை. ஆகவே, ஊரார் நம்பிக்கையில் உண்மை இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பல ஆண்டுகள் இத்தகையோரின் விவரங்களைத் திரட்டினார். ஆனால், தற்செயலாக மாட்டம்மை வந்தவர்களைப் பார்த்தறிவது ஒன்று. அதனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு வேண்டுமென்றே செலுத்திப் பாதுகாப்பளிப்பது வேறொன்று. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்காமல் எதையும் நிறுவ முடியாது.

இவ்வாறு சிந்தித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1774ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி, ஊரில் பெரியம்மை பரவியபோது தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மாட்டம்மைச் சீழைச் செலுத்தினார். அவர்கள் நோயிலிருந்து தப்பினர். ஆயினும், அவர் அதனை முறையாக ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைக்கவில்லை.

1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் பெண்ணின் கையில் மாட்டம்மைக் கொப்புளங்கள் தோன்றியிருந்தன. பிளாசம் என்ற பசுவிடமிருந்து அது அவளுக்குத் தொற்றியிருந்தது. ஜென்னர் அக்கொப்புளத்திலிருந்து சீழை எடுத்தார். தம் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகனான ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் இரண்டு சிறு கீறல்கள் போட்டு அதனைச் செலுத்தினார். ஏழாம் நாள் சிறுவனுக்கு அக்குளில் வலி ஏற்பட்டது. ஒன்பதாம் நாள் குளிரும் தலைவலியும் கண்டன, உணவில் நாட்டமில்லை. மறுநாள் அவன் நலமடைந்தான்.

இனிதான் உண்மையான சோதனை இருந்தது. ஜூலை முதல் நாள், ஜென்னர் அதே சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழைச் செலுத்தினார். அவருடைய கணிப்புத் தவறாக இருந்திருந்தால் அச்சிறுவனின் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். நாள்கள் கடந்தன. சிறுவனுக்கு நோய் வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் செலுத்திப் பார்த்தபோதும் நோய் பற்றவில்லை.

ஓர் ஏழைத் தொழிலாளியின் பிள்ளையிடம் இத்தகைய சோதனையைச் செய்வதற்கு இன்று எந்த நாட்டுச் சட்டமும் இடமளிக்காது. புதிய தடுப்பூசி ஒன்று இன்று முதலில் ஆய்வுக்கூடத்திலும், பின்னர் விலங்குகளிடமும், அதன் பின்னர் விருப்பத்துடன் முன்வரும் பெரியவர்களிடமும் சோதிக்கப்படுகிறது. பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகே அது குழந்தைகளைச் சென்றடைகிறது. அக்காலத்தில் அம்மை குத்துவது அன்றாட வழக்கமாக இருந்தது. இருப்பினும், அன்று அந்தச் சிறுவன் தாங்கிய ஆபத்தின் பயனையே பின்வந்த தலைமுறைகள் அனுபவித்தன.

புறக்கணிப்பும் விடாமுயற்சியும்

ஜென்னர் தம் கண்டுபிடிப்பைக் கட்டுரையாக்கி அரச அறிவியல் கழகத்திற்கு அனுப்பினார். ஒரே ஒரு சிறுவனின் சான்று போதாது என்று கருதி, கழகம் அதனை ஏற்க மறுத்துவிட்டது. ஜென்னர் மனம் தளரவில்லை. மேலும் சான்றுகளைத் திரட்ட முனைந்தார். ஆனால், மாடுகளிடையே மாட்டம்மை கண்டால்தானே சோதனையைத் தொடர முடியும்? அதற்காக அவர் 1798ஆம் ஆண்டு இளவேனில்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு அவர் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மாட்டம்மையைச் செலுத்தினார். அவன் கையில் தோன்றிய கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு சிறுவனுக்குச் செலுத்தினார். அவனிடமிருந்து வேறு பலருக்குச் செலுத்தினார். கைக்குக் கை மாறிச் சென்றபோதும் மாட்டம்மையின் காக்கும் ஆற்றல் குறையவில்லை என்பது தெளிவாயிற்று. பதினொரு மாதக் கைக்குழந்தையான தம் மகன் ராபர்ட்டுக்கும் அவர் அதனைச் செலுத்தினார். ஆனால், அக்குழந்தையிடம் அது பற்றவில்லை. வெற்றியை மட்டுமன்றி இத்தகைய தோல்வியையும் அவர் மறைக்காமல் பதிவு செய்தார்.

அதே ஆண்டில், 23 பேரின் விவரங்கள் அடங்கிய நூலொன்றைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். இலத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் வாக்கா என்னும் சொல்லின் அடிப்படையில் மாட்டம்மைக்கு அவர் பெயர் சூட்டினார். தடுப்பூசியைக் குறிக்கும் வாக்சின் என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. பிற்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், ஜென்னரைப் பெருமைப்படுத்தும் வகையில் எல்லா நோய்த் தடுப்பு மருந்துகளுக்கும் அச்சொல்லையே பொதுப்பெயராக்கினார்.

நூல் வெளிவந்ததும் எதிர்ப்பும் எழுந்தது. விலங்கின் சீழை மனித உடலில் செலுத்துவது இறைவனுக்கு ஏற்காத செயல் என்றனர் சிலர். அம்மை குத்திப் பணம் ஈட்டிய மருத்துவர் சிலர் வருவாய் போய்விடும் என்று அஞ்சினர். தடுப்பு மருந்து போட்டுக்கொண்டவர்களின் உடலிலிருந்து பசுக்கள் முளைப்பதாக 1802ஆம் ஆண்டு ஒரு கேலிச்சித்திரம் வெளியாகி ஊரெங்கும் சிரிப்பை மூட்டியது. இலண்டனில் சிலர் பயன்படுத்திய மருந்தில் பெரியம்மைச் சீழ் கலந்துவிட்டதால், போட்டுக்கொண்டவர்கள் நோயுற்றனர். அதன் பழியும் ஜென்னர்மேல் விழுந்தது. அவர் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சான்றுகளுடன் விடையளித்தார். பிழை எங்கு நேர்ந்தது என்பதை ஆராய்ந்து விளக்கினார். சரியான மாட்டம்மையை இனங்காணும் முறையைப் பிற மருத்துவர்களுக்கும் கற்பித்தார்.

தம் கண்டுபிடிப்பை இரகசியமாக வைத்திருந்தால் அவர் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அவரோ அதனை அனைவருக்கும் பொதுவாக்கினார். கேட்ட மருத்துவர்களுக்கெல்லாம் மருந்தைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த சிறு குடிலில் ஏழைகளுக்குக் கட்டணமின்றித் தடுப்பு மருந்து செலுத்தினார். இதனால் அவருடைய தொழில் வருமானம் குறைந்தது. அதனை உணர்ந்த இங்கிலாந்து நாடாளுமன்றம் 1802ஆம் ஆண்டில் 10,000 பவுனும் 1807ஆம் ஆண்டில் 20,000 பவுனும் அவருக்கு வழங்கியது.

குழந்தைகளின் கைகளில் கடல் கடந்த மருந்து

அக்காலத்தில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. மாட்டம்மைச் சீழை நூலில் தோய்த்தோ கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்தோ அனுப்பினர். குறுகிய தொலைவுக்கு அது பயன்பட்டது. வெப்பநாடுகளுக்குச் செல்லும் நீண்ட கடற்பயணத்திலோ மருந்து வீரியமிழந்துவிடும். இதற்கு ஒரே வழி, மனித உடலிலேயே மருந்தை உயிரோடு கொண்டு செல்வதுதான். ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் தோன்றியதும், அதிலிருந்து அடுத்த குழந்தைக்குச் செலுத்துவர். இவ்வாறு சங்கிலி அறுபடாமல் பார்த்துக்கொள்வர்.

1803ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பலொன்றில் 22 அனாதைச் சிறுவர்கள் இதற்காகவே அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுடைய கைகளின் வழியே தடுப்பு மருந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. பின்னர், வேறு சிறுவர்களின் மூலம் பசிபிக் பெருங்கடலைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளையும் எட்டியது.

இந்தியாவிற்கு மருந்து வந்த கதையும் இதனைப் போன்றதே. வியன்னா நகரிலிருந்து அனுப்பப்பட்ட மருந்து, பாக்தாத், பாஸ்ரா ஆகிய நகரங்களில் கைக்குக் கை மாறி, கப்பலேறிப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், அங்கு அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அது செலுத்தப்பட்டது. இந்தியாவில் பெரியம்மைத் தடுப்பு மருந்து முதன்முதலில் வெற்றிகரமாகப் பற்றியது அச்சிறுமியின் கையில்தான். அவளிடமிருந்து எடுக்கப்பட்ட மருந்து ஐந்து குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. அங்கிருந்து பல ஊர்களுக்கும் பரவி, சென்னை மாகாணத்தையும் அடைந்தது. இந்தியாவிலிருந்து ஜென்னருக்கு நன்றிக் காணிக்கையாக 7,000 பவுனுக்கும் மேற்பட்ட தொகை திரட்டி அனுப்பப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைக் கிண்டியில் கிங் ஆய்வு நிலையம் தோன்றியது. பெரியம்மைத் தடுப்பு மருந்து அங்குக் கன்றுகளின் தோலிலிருந்து பெருமளவில் தயாரிக்கப்பட்டது. இவ்வாறு கன்றுகளிடமிருந்து மருந்து கிடைத்ததால், குழந்தைகளின் கைகளை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது.

இறுதிக் காலம்

ஜென்னரின் புகழ் நாடுகளைக் கடந்து பரவியது. இங்கிலாந்தோடு போரிட்டுக் கொண்டிருந்த பிரான்சின் பேரரசர் நெப்போலியனும் ஜென்னரின் வேண்டுகோளை மதித்து ஆங்கிலேயக் கைதிகள் சிலரை விடுவித்தார். இவ்வளவு புகழுக்கிடையிலும் ஜென்னரின் சொந்த வாழ்வு துயரம் நிறைந்ததாகவே இருந்தது. 1810ஆம் ஆண்டு அவருடைய மூத்த மகன் எட்வர்ட் காசநோயால் இறந்தான். 1815ஆம் ஆண்டு மனைவி கேத்தரினும் மறைந்தார். ஆயிரமாயிரம் பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தவர், காசநோய்க்குத் தடுப்பு மருந்து இல்லாத அக்காலத்தில் தம் மகனைக் காக்க வழியின்றி நின்றார்.

அவர் ஜேம்ஸ் பிப்ஸை மறக்கவில்லை. பிப்ஸ் வளர்ந்து குடும்பத் தலைவனானபோது, வாடகையின்றி வாழ ஒரு வீட்டை அளித்தார். அவ்வீட்டின் தோட்டத்தில் தம் கையாலேயே ரோஜாச் செடிகளை நட்டுக் கொடுத்தார். 1823ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ஜென்னர் பெர்க்லியில் காலமானார். அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்களுள் ஜேம்ஸ் பிப்ஸும் ஒருவர்.

ஜென்னர் எல்லாவற்றையும் அறிந்திருக்கவில்லை. நோய்க் கிருமிகளைப் பற்றி அக்காலத்தில் எவரும் அறியார். மாட்டம்மைக் கிருமியும் பெரியம்மைக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை. உடல், இலேசான மாட்டம்மைக் கிருமியை எதிர்த்துப் போராடக் கற்றுக்கொள்கிறது. பிறகு கொடிய பெரியம்மைக் கிருமி நுழையும்போது அதனை உடனே அடையாளங்கண்டு அழித்துவிடுகிறது. இந்த உண்மை பின்னரே விளங்கியது. ஒருமுறை போட்டுக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு உண்டு என்று ஜென்னர் நம்பினார். அதுவும் சரியன்று என்பதும், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் போட வேண்டும் என்பதும் பிற்கால அனுபவத்தில் தெரியவந்தன. சில தடுப்பூசிகள் குழந்தைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1967ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழிக்கத் தீவிர இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 1977ஆம் ஆண்டு சோமாலியா நாட்டில், மருத்துவமனைச் சமையற்காரர் ஒருவரிடம் இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை காணப்பட்டது. ஊசிக்குப் பயந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இருந்த அவர், நோயிலிருந்து பிழைத்தார். பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்புப் பணியில் சேர்ந்து, தம் கதையையே சொல்லித் தயங்கிய பெற்றோர்களின் மனத்தை மாற்றினார். 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் ஜென்னரின் வழி

ஜென்னர் காட்டிய வழியில் இன்று பல நோய்களுக்குத் தடுப்பூசிகள் உள்ளன. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள சிம்பாங் ரெங்கம் ஒரு சிறிய பட்டணம். அப்பட்டணத்து அரசாங்கச் சுகாதார மருந்தகத்திற்கும் நாட்டின் மற்ற மருந்தகங்களுக்கும் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, உடல்நலப் பதிவேட்டுடன் வருகிறார்கள். தாதியர் குழந்தையை எடைபோட்டு, உயரத்தை அளந்து, அட்டவணைப்படி ஊசி போடுகிறார்கள். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் காக்கப்படுகிறது. குழந்தைகளின் கைகளில் கடல் கடந்த மருந்து இன்று குளிர்பதனப் பெட்டிகளில் பயணம் செய்கிறது.

மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கும் ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கும் தடுப்பூசி போடப்படுகிறது. இரண்டு, மூன்று, ஐந்து, பதினெட்டு ஆகிய மாதங்களில் தொண்டை அடைப்பான், இசிவு நோய், கக்குவான் இருமல், இளம்பிள்ளை வாதம் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி போடப்படுகிறது. ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசி உண்டு. பள்ளியில் சேர்ந்த பிறகும் இத்திட்டம் தொடர்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் தாதியர் பள்ளிக்கே வந்து ஊசி போடுகிறார்கள். குடிமக்களின் குழந்தைகளுக்கு இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆயினும், விழிப்புக் குறைந்தால் நோய் திரும்பி வரும். 2019ஆம் ஆண்டு ஜொகூர் மாநிலத்தில், தடுப்பூசி போடப்படாத சின்னஞ்சிறுவன் ஒருவன் தொண்டை அடைப்பான் நோயால் உயிரிழந்தான். 1992ஆம் ஆண்டுக்குப் பிறகு மலேசியாவில் காணப்படாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சபா மாநிலத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றிடம் மீண்டும் தோன்றியது. சுகாதார அமைச்சு உடனடியாக அங்குள்ள குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்து நோயைக் கட்டுப்படுத்தியது.

தடுப்பூசி போட்ட அன்று குழந்தைக்கு இலேசான காய்ச்சல் வரலாம். ஊசி போட்ட இடம் சற்று வீங்கலாம். அழும் பிள்ளையைக் கண்டு தாயின் மனம் கலங்குவதும் இயல்பே. பெற்றோருக்கு ஐயம் எழுந்தால் கேட்டறிவதில் தவறில்லை. ஜென்னரும் ஐயத்தை வெறுத்தவர் அல்லர். தம்மை ஐயுற்றவர்களுக்குச் சான்றுகளைக் காட்டியே அவர் விடையளித்தார். ஆகவே, ஐயம் வரும்போது வாய்வழிச் செய்திகளை நம்பாமல் மருத்துவரையோ தாதியரையோ அணுகித் தெளிவு பெறுவதே அறிவுடைமை. வெகு சிலருக்கு உடல்நிலை காரணமாகச் சில தடுப்பூசிகளைப் போட இயலாது. பிறந்து சில நாள்களேயான குழந்தைகளும் எல்லா ஊசிகளையும் பெற்றிருக்க மாட்டார்கள். சுற்றியுள்ளவர்கள் தடுப்பூசி போட்டிருந்தால், நோய் பரவ வழியின்றி இத்தகையோரும் காக்கப்படுகிறார்கள். ஒருவர் போட்டுக்கொள்ளும் ஊசி அவரை மட்டுமன்றி அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கிறது.

மலேசிய மாணவர்கள் பலரின் இடக்கை மேற்புறத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கும். பிறந்தவுடன் காசநோய்க்காகப் போடப்பட்ட ஊசியின் அடையாளம் அது. ஜென்னரின் மூத்த மகனைப் பலிகொண்ட நோயும் காசநோய்தான். அன்று அம்மகனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு, இன்று மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளிலேயே கிடைக்கிறது.